நான்காக மடித்த ஏரி

எங்கள் பக்கம் அனுமதி இல்லையென்று
எல்லை தாண்டிப் படம் காட்டினார்கள்.
ஊத்துக்கோட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ,
தலைக்கு இருபது.
சோதனைச்சாவடிக் கம்பம் தூக்கியே கிடந்தது.
மணல் லாரிக்குத் தூக்கியதை
எங்களுக்காக இறக்குவானேன்.

கல்யாண மண்டபம்.
போன முகூர்த்தத்து மாப்பிள்ளையின் பாதிப் பெயர்
தெர்மாகோலில் இன்னும் ஒட்டியிருக்க
அதன்மேல் வேட்டி கட்டித் திரை.
மின்விசிறி போட்டால் முகங்கள் நெளியும்,
நிறுத்தினால் வேர்க்கும்.
நெளியட்டும் என்றார் சுகுணம்மா.

முதலில் ஏரி.
பிறகு ஏரி இருந்த இடம்.
பிறகு கம்பிவேலி, பூட்டு,
அத்துமீறி நுழைபவர்கள் என்று ஒரு பலகை.
பங்காரம்மா வந்தார், முகம் திரை அகலத்துக்கு.
"ஆடு தண்ணி குடிச்ச எடம்யா இது.
அம்மாம் பெரிய ஏரிய
எப்பிடிடா மடிச்சு எட்த்துனு போனீங்க?"
மண்டபமே சிரித்தது.
முன்வரிசையில் பங்காரம்மாவும் சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
எப்படி என்று எனக்குத் தெரியும்.
நான்காக மடித்தால்
பழுப்பு உறைக்குள் சரியாக நுழையும்.

முப்பத்தோராம் நிமிடம்
ஒரு பச்சைச் சுவர், இறக்கை வளைந்த விசிறி,
விசைப்பலகைமேல் இரண்டு கை.
நகச்சாயம் உரிந்த இடது சுண்டுவிரல்
என்னுடையது.
கணினிமயம் பற்றி எடுக்கிறோம் என்றுதான்
அன்றைக்குச் சொன்னார்கள். டீ வாங்கிக் கொடுத்தேன்.
முகம் இல்லை, கை மட்டும்.
பின்னால் ஒரு குரல் சொல்கிறது:
"அரசு தட்டச்சு செய்துகொண்டிருக்கிறது."

அரசு.
நாளுக்கு நானூற்றைம்பது, ஞாயிறு கிடையாது,
மூன்று மாதத்துக்கொரு நீட்டிப்பு ஆணை.
அதையும் அரசே அடித்துக்கொள்ள வேண்டும்.

'ஏரி உள்வாய்' என்றிருந்ததைத்
'தீர்வை ஏற்படாத தரிசு' ஆக்கச் சொன்னார்
எத்திராஜுலு சார், பின்னால் நின்று மிக்சர் மென்றபடி.
ஒரு ஏரி வற்ற எத்தனை கோடை ஆகுமோ.
எனக்கு நாற்பது நொடி ஆயிற்று,
அதுவும் அழிக்கும் விசை கொஞ்சம் ஒட்டுவதால்.

படம் முடிந்து மைக் சுற்றி வந்தது.
நாசமாப் போக என்றார் ஒருவர்.
கட்டையில போக என்றார் சுகுணம்மா.
ஓட்டுக் கேட்டு வரட்டும், செருப்பு பிஞ்சிடும் என்றான் ஒரு பையன்.
தெலுங்கு வசவுக்குத் தமிழர்கள் கைதட்டினார்கள்.
என்னிடம் வந்தபோது எழுந்தேன்.
நடிப்பில்லை, தொண்டை கிழிந்தது.
ஐந்து வருடமாக ஐயா ஐயா என்று அடித்த விரல்கள்
மைக்கின் கழுத்தை நெரித்தன.
எனக்குத்தான் அதிகக் கைதட்டல்.
கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு
உட்கார்ந்தேன்.

இதை மட்டும் சொல்லவில்லை:
படத்தில் வக்கீல்
காகிதத்தில் ஒரு ஓட்டையும் இல்லையென்று
கண்ணாடியைக் கழற்றுகிறார்.
இருக்கிறது.
நான்காம் பக்கம், கீழிருந்து மூன்றாம் வரி.
ஏரியின் சர்வே எண் 214/2.
நான் அடித்தது 241/2.
அது சுடுகாடு.
எடுத்துக்கொண்டது சுடுகாட்டை,
வேலி போட்டது ஏரிக்கு.
கையெழுத்திட்ட ஏழு பேரும் படிக்கவில்லை.
பதினோரு மாதமாக
எனக்கு மட்டும் தெரியும்.

மண்டப வாசலில் கொடுத்த துண்டுச்சீட்டின் பின்பக்கம்
கண்மைப் பென்சிலால் இரண்டு எண்ணும் எழுதினேன்.
மடித்தேன்.
நான்காகத்தான் மடிக்க வருகிறது எனக்கு.

திரும்பும் ஆட்டோவில் எதிரே பங்காரம்மா,
மடியில் பிரிக்காத பிஸ்கட்.
"நல்லா கேட்ட கண்ணு நீ.
எந்த ஊரு?"
சொன்னேன்.
"இன்னா வேலை?"

ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறியது.
சீட்டைப் பிடித்திருந்த கை,
திரையில் பார்த்த அதே கை,
நீள்கிறதா என்று
நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.