பெற்றோர் கையொப்பம்

புதுவயல் மேல்நிலைப் பள்ளியின் நூலகம்
முன்பு வேதியியல் ஆய்வகம்.
அலமாரிக்கும் அலமாரிக்கும் நடுவே
இன்னும் ஒரு கழுவுதொட்டி. குழாய் சொட்டுகிறது.
அமிலம் தின்ற மேசையில்
என் நாவல், பதினோரு பிரதி.
மேலே சன்னமாக உமிச்சாம்பல்.
நூலகர் மெஹருன்னிசா முந்தானையால் துடைக்கிறார்.
அடுத்த காற்றில் ஆலை மறுபடி அனுப்புகிறது.

தலைமையாசிரியர் என்னை அறிமுகம் செய்தார்.
நாவலின் பெயரைத் தவறாகச் சொன்னார்.
அந்தப் பெயரும் நன்றாகத்தான் இருந்தது.
திருத்தவில்லை.

வாசித்தேன்.
அரிசி ஆலைக் கணக்கன் சேவுகன்
கூலிப் பட்டியலில்
செத்துப்போனவனுக்கும் சேர்த்துக்
கையெழுத்துப் போடும் இடம்.
இடது கையால் போடுவான்,
இரண்டெழுத்தைக் கொஞ்சம் சாய்ப்பான்.
அந்தக் கூலியை அவன் பெண்டாட்டியிடம் கொடுக்கும்போது
எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொல்வான்.

எழுதும்போது நான் அழுத பக்கம்.
மூன்றாம் வரிசையில் ஒருவன்
முன்னால் இருப்பவளின் ரிப்பனை
நாற்காலியோடு முடிந்துகொண்டிருந்தான்.
"சேவுகன் பேனாவைத் திறந்தான்" என்றபோது
ஆலைச் சங்கு ஊதியது. நிஜச் சங்கு.
ஒரு நிமிடம் முழுக்க.
நான் சொல்லிவைத்து ஊதியதென்று நினைத்துக்
கைதட்டினார்கள் பிள்ளைகள்.

கேள்வி நேரம்.
"ஒரு புக்குக்கு உங்களுக்கு எவ்வளவு கெடைக்கும்?"
சொன்னேன்.
அறை முழுக்க அனுதாபம்.
"சேவுகன் மாட்டுவானா?"
படித்துப் பார் என்றேன்.
"பதினோரு புக்குதான இருக்கு"
என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பிறகு வரிசை.
புத்தகம் இல்லாதவர்கள் இருப்பதை நீட்டினார்கள்.
பஸ் பாஸின் பின்புறம், ஜியோமெட்ரி பாக்ஸின் மூடி,
இரண்டு மூன்று புறங்கை.
கணக்கு நோட்டு ஒன்றில்
சிவப்பு மையால் 'மீண்டும் எழுதுக' என்றிருந்தது.
அதற்குக் கீழேயே போட்டேன்.
எனக்கும் பொருந்தும்.

அவள் நீட்டியது மதிப்பெண் அட்டை.
அ. தெய்வானை, ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு.
தமிழ் எண்பத்திரண்டு. கணக்கு பத்தொன்பது.
விரல் வைத்த கட்டம் காலியாக இருந்தது:
பெற்றோர் கையொப்பம்.

"அப்பா பேருல போடுங்க. அழகுமலை."
அப்பா எங்கே?
"இருக்காக."
அம்மா?
"பத்தொன்பது" என்றாள்.
அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

தப்பும்மா இது, என்றேன்.
என் வாயில் யாரோ ஒரு தலைமையாசிரியர்.
"இப்பத்தான வாசிச்சீக?"
கோபமில்லை. விடைத்தாளில்
விட்டுப்போன மதிப்பெண்ணைக் கேட்கிற தொனி.
அது கதை, என்றேன்.
"கதையில மட்டும் போடுவீக."

பின்னால் இன்னும் இருபது பேர் நெருக்கினார்கள்.
"பேனாவையாச்சும் குடுங்க."
கொடுத்துவிட்டேன்.

கழுவுதொட்டித் திண்டில் அட்டையை வைத்து
உள்ளங்கையில் முதலில் ஒரு ஒத்திகை.
பிறகு மூச்சை நிறுத்தி ஒரே இழுப்பு.
ழகரத்தின் வால் மட்டும்
கட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கிக்
கொக்கிபோல மேலே திரும்பியது.
ஒரு கால் ஏற்கெனவே படியில் இருக்க,
வண்டிக்கு நேரமானவன் போடும் கையெழுத்து.
முந்நூறு பக்கம் தேடியும்
எனக்கு அகப்படாத ஒரு ஆள்
அந்த வாலில் நின்றிருந்தான்.

ஊதி உலர்த்தினாள்.
சொட்டும் குழாயில் உள்ளங்கையைக் கழுவினாள்.
பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.
"நல்லா எழுதுது."

மெஹருன்னிசா எல்லாவற்றையும் பார்த்தார்.
பார்த்துவிட்டு
சுத்தமாக இருந்த ஒரு பிரதியை
மறுபடி துடைக்கத் தொடங்கினார்.

அடுத்தவன் பெயர் கேட்டேன். சொன்னான்.
நான்கு கோடு நோட்டு.
'வாழ்த்துகளுடன்' என்று எழுதினேன்,
இந்தப் பேனாவால் ஆயிரம் தடவை எழுதியதுதான்.
வால் நான்காவது கோட்டையும் தாண்டி இறங்கிக்
கொக்கிபோல மேலே திரும்பியது.