துகள்

பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் அறைக்குள்
பவுடர் கூடாது. மை கூடாது. தோடு கூடாது.
உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளை உறை,
வெளியே தெரிவது கண் மட்டும்.
சுவரில் ஒரு கருவி
காற்றில் மிதக்கும் துகள்களை
எண்ணிக்கொண்டே இருக்கும்.
ஒருநாள் அது கத்தியது.
சூப்பர்வைசர் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்து வந்து
என்னிடம் நின்றார்.
முந்தின நாள் கல்யாணத்துக்கு இட்ட மை,
சோப்புக்குத் தப்பிய ஒரு கோடு.

ஆகவே சம்பளம் வந்த சனிக்கிழமை
நான் துகள் வாங்கப் போகிறேன்.

கைப்பையின் ஜிப் அறையில் ஐம்பது வெள்ளி.
வாடகை அதைத் தொடாது, தம்பியின் பைக் கடன் தொடாது.
கொம்தாரில் இறங்கும்போதே லோகநாயகி சொல்லிவிட்டாள்:
"நான் எதுவும் வாங்கப் போறதில்ல."
அரை மணியில் வாங்கினாள், செருப்பு.
அரை அளவு சின்னது, விலையும் பாதி.
"பாதி விலைக்குப் பாதி வலி, கணக்கு சரிதானே?"

உதட்டுச் சாயக் கடையில்
புறங்கையில் இழுத்துப் பார்த்தது ஏழு கோடு.
ஒன்று மருதாணி காய்ந்த பிறகு,
ஒன்று நேற்றைய மீன்கறி,
ஒன்று யாரோ கோபத்தில் கடித்த உதடு.
ஆறாவதைக் கண்டதும்
கடைப்பெண் நொராய்னி கை தட்டினாள்:
"காக்கா, சாந்தெக்!"
அழகாம். அவள் மொழியில் காக்கா என்றால் அக்கா.
நாலாம் வகுப்பில்
வேறு மொழியில் என்னை அப்படிக் கூப்பிட்டார்கள்,
நிறத்தைப் பார்த்து.
அந்தச் சொல்லை இன்றுதான்
கையில் வாங்கித் திருப்பிப் பார்க்கிறேன்.
பதினெட்டு வெள்ளிச் சாயம், பன்னிரண்டுக்கு.

பண்டல் கடை மூட்டைக்குள்
தோள்வரை கையை விட்டுத் துழாவி
எடுத்தேன் ஒரு ஜாக்கெட், கடுகுமஞ்சள்,
எந்த ஊர்க் குளிருக்குத் தைத்ததோ.
பினாங்கு வெயிலில் போட்டுப் பார்க்கும்போதே வேர்த்தது.
பையில் கை விட்டால்
யாரோ மடித்து வைத்த ரசீது,
படிக்கத் தெரியாத எழுத்து,
அடியில் ஒரு தொகை, பேனாவால் இரண்டு முறை கோடிட்டு.
அவளும் வீட்டுக்குப் போய்
விலையைக் குறைத்துச் சொல்லியிருப்பாள்.
ரசீதை இருந்தபடியே வைத்துவிட்டேன்.
எட்டு வெள்ளி.

பிறகு தோடு.
ஒரே அட்டையில் இரண்டு பச்சை:
ஒன்று வெற்றிலை, ஒன்று வாழைக்குருத்து.
ஜோடி தவறியதால் மூன்று வெள்ளி.
"யார் பாக்கப் போறா?" என்றாள் லோகா.
இடது காதைப் பார்ப்பவர்
வலது காதைப் பார்ப்பதற்குள்
நான் கடந்து போய்விடுவேனே.

சௌராஸ்தா சந்தையில் ஜாதிக்காய் ஊறல்.
கடைக்காரர் சியூ பெங் ஒரு துண்டு நீட்டுவார்,
முகம் சுளிப்பதைப் பார்த்துவிட்டு
மறுவகை நீட்டுவார்.
வாங்குகிறவளா, தின்றுவிட்டுப் போகிறவளா என்று
அவருக்குத் தெரியும்;
தெரிந்தும் நீட்டுவார்.
இன்று வாங்கினேன். கால் கிலோ, சர்க்கரை தூவியது.
மீதிக் காசில் செண்டோல், நின்றபடியே,
ஒரு கிண்ணம், இரண்டு கரண்டி,
பச்சைப் புழு யாருக்கு அதிகம் என்று சண்டை.

திரும்பும் பஸ்ஸில் செருப்பைக் கழற்றி
லோகா தன் பாதி வலியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
மடியெல்லாம் சர்க்கரைத் தூள்,
கடித்து வைத்த ஜாதிக்காயில் ஆறாம் கோட்டின் நிறம்.
திங்கட்கிழமை ஆறரைக்கு எல்லாம் கழுவியாக வேண்டும்.
இப்போது சனி இரவு, ஏழரை.

"ஒரு இழுப்பு தா" என்றாள்.
கைப்பேசியைக் கண்ணாடியாகப் பிடித்தேன்.
ஜெலுத்தோங் அருகே டிரைவர் பிரேக் போட
சாயம் உதடு தாண்டி
காதுவரை போனது.
முன் சீட்டுக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.
நாங்கள் சிரித்த சிரிப்பில்
கருவி ஏதும் இருந்திருந்தால்
கத்தியிருக்கும்.