இரண்டு விரல்

மூன்றாம் நாளும் மிஸ்ட்ரால் ஓயவில்லை.
முக்காலியின் மேல் லேசர் நடுங்குகிறது.
நடுங்கும் கண்ணுக்கு எல்லா நிலமும் அலைதான்.
டிராக்டரை அணைத்துவிட்டு
ஒதேத்தின் கொட்டகையில் காப்பி குடிக்கிறேன்.
மணிக்கு எழுபது யூரோ வாடகை.
சும்மா கிடக்கும் மணிக்கு யார் தருவதென்று
இருவருமே கேட்கவில்லை.

கமார்க்கில் நாலு ஹெக்டேர்.
மேலே ரோன் ஆறு போட்ட வண்டல், அடியில் கடல்.
மட்டக்கோல் சொல்லுமுன்
மேட்டை உப்பு சொல்லிவிடும்:
போன வருடம் தண்ணீர் ஏறாத இடமெல்லாம்
வெள்ளை பூத்திருக்கிறது.
பள்ளம் எங்கேயென்று பூநாரைகளுக்குத் தெரியும்.
இரவில் இறங்கி
முளையென்றும் பாராமல் மிதித்துவிட்டுப் போகும்.

நான்காம் நாள் விடியலில்
யாரோ கதவைச் சாத்தியதுபோல் காற்று நின்றது.
பன்னிரண்டு மணிநேரம் ஓட்டினேன்.
வெட்டு, நிரப்பு, வெட்டு.
கடைசியில் திரை முழுக்கப் பச்சை.

மறுநாள் ஒதேத் மதகைத் தூக்கினாள்.
தண்ணீருக்கு என் திரையைத் தெரியாது.
பரவிக்கொண்டே வந்து
வடகிழக்கு மூலையில் தயங்கியது,
வாசலில் செருப்பைக் கழற்றும் விருந்தாளிபோல.

பூட்ஸோடு இறங்கி நடந்தாள்.
இங்கே கணுக்கால்.
இங்கேயும் கணுக்கால்.
அந்த மூலையில்
"இரண்டு விரல் குறைகிறது."
"என் கணக்கில் இல்லையே."
"இதன் கணக்கில் இருக்கிறது."

டிராக்டர் இறங்கினால் புதையும்.
விதைக்க நாள் குறித்தாயிற்று.
மண்வெட்டி ஒன்றுதான் இருந்தது,
முறைவைத்து வெட்டினோம்.
சேறு அவள் கண்ணாடியில், என் மீசையில்.

பிறகு ரசீது எழுத உட்கார்ந்தேன்.
பன்னிரண்டு மணிநேரம் என்று எழுதி
பேனாவை மூடாமல் வைத்திருந்தேன்.
காப்பியில் சர்க்கரை எத்தனை என்று
இப்போதுதான் கேட்கிறாள்.