ஐந்தாம் வார்த்தை

திங்கள், புதன், வெள்ளி.
சிலிம் ரிவரில் இரும்புக்கடைக்கு மேல்மாடி.
கீழே ஆ லெக் ஆணி நிறுத்துக் கொட்டும் சத்தம்,
மேலே என் இரத்தம் வெளியே போய்க்
குளித்துவிட்டுத் திரும்பும் சத்தம்.
நான்கு மணி நேரம்.
சன்னல் வழியே செம்பனைக் குலை லாரிகளை எண்ணுவேன்.
இருபத்தெட்டைத் தாண்டினால்
அன்று மில்லில் நெரிசல் என்று அர்த்தம்.
வேறு அர்த்தம் எதுவும் அதில் இல்லை.

நாளைக்கு அரை லிட்டர் என்றார் டாக்டர்.
குழம்பும் அதில் சேர்த்தி, கோப்பியும் சேர்த்தி,
தர்பூசணியைப் பார்ப்பது மட்டும் கணக்கில் வராது.
சின்ன பாட்டிலில் பேனாவால் ஐந்து கோடு.
மதியத்துக்குள் மூன்றாம் கோடு போய்விட்டால்
இரவு நீளம்.

பதினெட்டு வருஷம் பால்மரம் சீவினவள் நான்.
பட்டையை மட்டும் சீவ வேண்டும்.
கத்தி மரத்தில் பட்டால் காயம் ஆறாமல் முண்டு கட்டும்,
மண்டோர் சம்பளத்தில் பிடிப்பார்.
என் இடது கையைப் பார்க்கிறேன்,
ஊசி ஏறி ஏறி முண்டும் முடிச்சுமாய்.
ஆண்டவரே, கேட்கிறேன் என்று கோபிக்காதீர்,
சம்பளத்தில் பிடிக்க
உமக்கு மேல் மண்டோர் யாரும் இல்லையா?

ஜெபக்குழுவிலிருந்து கிரேஸ் புஷ்பம் வந்தார்.
நேசிக்கிறவர்களைத்தான் அவர் புடமிடுவார் என்றார்.
கோப்பி கலக்கிக் கொடுத்தேன்.
அவர் தொண்டை ஏறி இறங்குவதையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து நாற்காலி ஜொஹாரி பாக் சிக்
நோன்பு மாதத்தில் அழுதார்.
நோன்பே கூடாது என்று டாக்டர் கண்டிப்பு.
அரை லிட்டர் பாக் சிக்,
வருஷம் முழுக்க நமக்கு நோன்புதான் என்றேன், மலாயில்.
சிரித்தார். குழாய் நகர்ந்து மெஷின் கத்தியது.
நர்ஸ் இருவரையும் திட்டினாள்.

பெரிய வெள்ளியும் வெள்ளிதான்.
விடிகாலை ஷிப்டு கேட்டு வாங்கி,
பிளாஸ்டர் ஒட்டின கையோடு
பன்னிரண்டுக்குக் கோயிலில் உட்கார்ந்தேன்.
தகரக்கூரை. மூன்று காற்றாடியில் ஒன்று ஓடவில்லை.
ஏழு வார்த்தைக்கு ஏழு பேர்.
ஐந்தாவது, சபை மூப்பர் தேவசகாயம்.
தாகத்தைப் பற்றி நன்றாகத்தான் பேசினார்,
நா வறள்வது, எச்சில் கெட்டியாவது, எல்லாம் சரி.
நடுவில் நிறுத்தி,
மேசைமேல் இருந்த கண்ணாடித் தம்ளரை எடுத்து
மடமடவென்று முழுசாய்க் குடித்து,
கைக்குட்டையால் வாயைத் துடைத்து,
"ஆகவே பிரியமானவர்களே" என்றார்.

சிரித்துவிட்டேன்.
வாய்விட்டு. பெரிய வெள்ளியில். வெள்ளைப் புடவையில்.
முன்பெஞ்சு முழுக்கத் திரும்பியது.
முந்தானையை வாயில் அடைத்தும் நிற்கவில்லை,
கண்ணில் தண்ணீர்,
அதை எந்தக் கோட்டில் கழிப்பது என்று நினைத்து
மறுபடியும் சிரிப்பு.
அப்போதுதான் பீடத்துச் சிலுவையைப் பார்த்தேன்.
ஆள் இல்லாத வெற்று மரம்.
எனக்கென்னவோ
அங்கே ஒருவர், உதடு வெடித்து,
அந்தத் தம்ளரை நான் பார்த்த அதே கண்ணால் பார்த்து
என்னோடு சேர்ந்து சிரித்த மாதிரி இருந்தது.
இத்தனை வருஷ ஜெபத்தில்
அவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை.

கை வலி போகவில்லை. கோடு ஐந்துதான்.
சாட்சி சொல்லும் நேரத்தில்
இதை எழுந்து சொல்லவும் முடியாது.

வாசலில் மோட்டார்சைக்கிளோடு முத்தரசன்.
கோயிலுக்குள் வரமாட்டார்,
கல்யாணத்தன்று வந்ததோடு சரி.
"என்ன, உள்ளே சிரிப்புச் சத்தம்?"
சொன்னேன்.
பெட்ரோல் நிலையம் வரைக்கும் அவரும் சிரித்தார்.

இராத்திரி வழக்கம்போல்
என் கையில் காதை வைத்தார்.
வெட்டி இணைத்த நரம்பில் இரத்தம்
வண்டு மாதிரி ரீங்கரிக்க வேண்டும்.
நின்றால் ஆஸ்பத்திரி.
நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் கேட்பார்,
வேதத்தின்மேல்கூட நான் அப்படிக் குனிந்ததில்லை.

"ஓடுது" என்றார்.
ஆமென் என்றேன்.

பாட்டிலில் ஐந்தாம் கோடு மிச்சம் இருந்தது.
இருட்டில் எடுத்துக் குடித்தேன்,
அவசரமே இல்லாமல்.