கார்சைட் வீட்டுத் துணிக்கணக்கு

புல்கறை சோடாவுக்கு மசியாது.
புளித்த மோரில் ஓர் இரவு ஊற வேண்டும்,
மறுநாள் எரிசாராயம் தொட்டு ஒற்ற வேண்டும்.
அப்போதும் ஒரு நிழல் தங்கிவிடும்.

நான் டோர்க்கஸ் ஏன்ஸ்வர்த்.
மெர்சி ஆற்றோரம் பதினாறு வீடுகள் என்னை அறியும்,
எல்லாமே பின்வாசல் வழியாக.
லவினியா கார்சைட்டின் ஆட்டங்களை
நான் வாளியில்தான் பார்த்தேன்.

பாவாடையின் கீழ்விளிம்பு பச்சை என்றால்
மூலைக்கு மூலை ஓடியிருக்கிறாள்.
முன்பக்கம் வலையின் தார் பட்டிருந்தால்
வலைக்கே போயிருக்கிறாள்.
பெண்கள் போகிற இடமில்லை அது.
பந்து தரையில் பட்டு எழும்வரை
காத்திருப்பதுதான் அடக்கம் என்று
பாதிரியாரின் மனைவி சொன்னாள்,
தலையணை உறைகளை எண்ணியபடியே.

எண்பத்தாறாம் ஆண்டு, மாவட்டக் கோப்பை.
ஒரு துளி வியர்வையின்றி வென்றாள்,
அன்னம்போல மிதந்தாள் என்று செய்தித்தாள் எழுதியது.
அந்தத் தாளில்தான் சோப்புக்கட்டி சுற்றி வந்தது.
மேல்சட்டையை விரித்தேன்.
முதுகில் உப்பு,
வரப்பு வரப்பாக, வற்றிய உப்பளம்.
உள்சட்டையில், விலா எலும்பின் கீழ்,
திமிங்கில எலும்புக் கச்சு கடித்த இடத்தில்
நாலு சிவப்புப் புள்ளி.
இரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்.
வெந்நீர் பட்டால் போகவே போகாது.

வென்றவளுக்கு ஒரு தங்க ஊசி கொடுத்தார்கள்.
பணமாய் வாங்கினால் கண்ணியம் போய்விடுமாம்.
எனக்கு டஜனுக்கு ஒன்றரை ஷில்லிங்.
என் கண்ணியம் எப்போது போனது என்று
நான் கவனிக்கவில்லை.

ஒரே ஒரு முறை நேரில் போனேன்,
வேலிக்கு இந்தப் பக்கம்.
புல் நோகக் கூடாதென்று
உருளை இழுக்கிற மட்டக்குதிரைக்கு
நான்கு காலிலும் தோல் காலணி.
அவளோ தொப்பி, கழுத்துப்பட்டி, கச்சு,
இரண்டு உள்பாவாடை சகிதம் வந்தாள்.
பிறகு பந்து அடிபட்டது.
ஈரக் கம்பளியை கல்லில் ஓங்கி அறைந்தால் வருமே,
அந்தச் சத்தம்.
எனக்குத் தெரிந்த சத்தம்தான்.
இவ்வளவு பேர் காசு கொடுத்து அதைக் கேட்பார்கள் என்றுதான்
தெரியாது.

அடுத்த ஆண்டு வலது கை தையல் பிரித்து அகலமானது.
அதற்கடுத்த ஆண்டும்.
இடது கை அப்படியே இருந்தது.
பெட்டி போடும்போது
ஒரே சட்டையில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள்.
தையற்காரியிடம் கொடுக்கவில்லை அவள்.
உள்ளே கறுப்பு நூல், கோணல் தையல்,
அவளுடையது.

எண்பத்தொன்பதில் தோற்றாள்.
வழுக்கி விழுந்ததால் தோற்றாள் என்றது செய்தித்தாள்.
முழங்கால் பக்கம் தேடித் தேடிப் பார்த்தேன்.
பொட்டுப் பச்சை இல்லை.
வலது தோளில் மட்டும் தையல் விட்டிருந்தது,
களிம்பு வாடையோடு.
நான் யாரிடமும் சொல்லவில்லை.
என்னிடம் யார் கேட்டார்கள்?

பிறகு ஒரு பஞ்சுத் தரகரைக் கட்டிக்கொண்டாள்.
மூன்று கோடைகளில் கோப்பை தூக்கியவள்
விருந்து மேஜையில் வலது கையை
மடியில் வைத்துக்கொள்வாள் என்று சமையற்காரி சொன்னாள்.
நல்லவேளை, அப்போது
தோளில் உப்பிய கைகள் நாகரிகமாக வந்தன.
ஊரில் எல்லாப் பெண்களுக்கும்
இரண்டு பூசணி.

ஒரு நவம்பர், மழை.
வேலைக்காரிக்குக் காய்ச்சல் என்று
துணி வாங்க அவளே வந்தாள்.
நான் கம்பளி பிழிந்துகொண்டிருந்தேன்,
உருளையின் கைப்பிடி பாதியில் நின்றுவிட்டது.
கையுறையைக் கழற்றினாள்.
"தள்ளு" என்றாள்.
ஒரே சுற்று.
தண்ணீர் வாசற்படி தாண்டிப் போனது.

அந்த வாரக் கணக்கில்
ஒரு கம்பளிக்குக் காசு எழுதவில்லை.
அவள் அதைக் கண்டுபிடித்து
திருத்தி அனுப்பினாள்.