காலைக்கு எது?

பிர்னோ அச்சகத்தில் இரண்டு அட்டைகளைத் தூக்கிப் பிடித்து
மிட்டாய் ஒதுக்கிய வாயோடு கேட்கிறாள்
மிஷின் ஓட்டும் ரதானா:
"இதில் காலைக்கு எது?"

இதய மாத்திரை.
காலைக்கு நீலம், இரவுக்கு ஊதா.
என் திரையில் அவை
பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகள்.
இங்கே இரண்டுமே ஊதா,
ஒன்று கொஞ்சம் அழுதது
இன்னொன்று நிறைய.

தெரியாமல் செய்ததல்ல.
திரை ஒளியைக் கூட்டும்,
மை ஒளியைத் தின்னும்.
இருந்தும் கம்பெனிக் கூட்டத்தில் பளிச்சென்று இருக்கட்டுமென
கோப்பை மூன்று ஒளியிலேயே விட்டிருந்தேன்.
கைதட்டினார்கள்.

நாற்பதாயிரம் பெட்டி.
நாற்பதாயிரம் சமையலறை மேசை,
மூக்குக்கண்ணாடியைத் தேடித் தடவும் கைகள்.

கோப்பைத் திறந்து
நான்கு மைக்கு மாற்றுகிறேன்.
நீலத்திலிருந்து மெஜந்தாவை இறக்குகிறேன்,
எண்பது, ஐம்பது,
முப்பது.
சோர்ந்துபோன நீலம்.
ஆனாலும் நீலம்.

புதுத் தாளை ரதானா
வெளிச்சப் பெட்டியில் வைக்கவில்லை.
கழிப்பறைப் பக்கம் எரியும்
மஞ்சள் குண்டு பல்பின் கீழ் கொண்டுபோய்
"இது காலை" என்கிறாள்,
கேட்காமலே.

கைபேசி அதிர்கிறது. கம்பெனி.
"ஏன் மங்கல்?" என்பார்கள்.
இன்னும் எடுக்கவில்லை.