முழங்காலை மறக்கக் கூடாது

மண்டபத்து நண்டு கம்பெனி ஷிஃப்ட் முடிந்து
பாம்பன் பஸ்ஸில் ஜெசிந்தாவும் நானும்
பாலம் தாண்டும்வரை பேசவில்லை.
காரணம் ஜன்னல் சீட்டு இல்லை.
ரெக்ஸ் கிரிம்சன்.

அவளுக்கு அவன் தெய்வம்.
எனக்கு, நடந்து வருவதற்கே
பத்து நிமிஷம் தின்கிற ஆள்.
மூன்றாம் நிமிஷம் முழங்காலை முறிக்கிறார்கள்,
புரண்டு கத்துகிறான்.
கொஞ்ச நேரத்தில் அதே காலால்
கம்பத்தில் ஏறிக் கையை விரிக்கிறான்.
எங்கேடி போச்சு வலி?

லெனி மாஸைப் பார்.
எட்டு வருஷமாகத் தோற்கிறான்.
போன வாரம் அடிபட்ட காலை
இந்த வாரமும் இழுத்துக்கொண்டு வருகிறான்,
கேமரா வேறு பக்கம் திரும்பிய பிறகும்.

ஜப்பான்காரன் கம்பெனியில்
விழுந்தவன் விழுந்தே கிடப்பான்.
கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்.
அமெரிக்காக்காரனுக்கு விளம்பரம் போட நேரமாச்சு.

"எல்லாம் பேசிவச்சு அடிக்கிறதுதானே"
என்பார் எடை போடுகிற சேசுராஜ்.
ஆமாண்ணே.
நீலக்கால் நண்டுக்கு நீங்கள் கூவுகிற ஏலமும்
வள்ளம் கரை சேருமுன்னே பேசிவச்சதுதான்.
அங்கே ஒருத்தருக்காவது
ஒழுங்காக விழத் தெரியுமா?

ஓடு கிழித்த கட்டைவிரல் விண்விண் என்கிறது.
சூப்பர்வைசர் வந்தால் மட்டும்
உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வேன்.

இறங்கும்போது ஜெசிந்தா கேட்டாள்,
"ஞாயித்துக்கிழமை உங்க வீட்ல கரண்ட் இருக்குமா?"
இருக்கும், வா.
கிரிம்சன் தோற்றால் அழக் கூடாது.

அவன் எங்கே தோற்கப் போகிறான்.